பலகையில் ஓர் அரசு, கச்சேரியில் ஓர் அரசு

கணினி விளையாட்டுகளுள் 'கிராண்ட் ஸ்ட்ராட்டஜி' எனப்படும் பெருவியூக ஆட்டம் ஒரு தனி வகை. அதை ஆடுபவர் ஒரு வீரனையோ ஒரு படைப்பிரிவையோ மட்டும் நடத்துவதில்லை. ஒரு நாட்டின் கருவூலம், வரி, சட்டம், வாரிசு, உடன்படிக்கை, படை ஆகிய அனைத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் தம் பொறுப்பில் ஏற்று நடத்துகிறார். 1991-இல் வெளிவந்த சிட் மையரின் 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் கொடுங்கோன்மை, முடியாட்சி, குடியரசு, பொதுவுடைமை, மக்களாட்சி என்று ஆட்சி முறைகள் வரிசைப்படுத்தப்பட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்புபவர், இடையில் சில சுற்றுகள் அரசற்ற நிலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2000-இல் தொடங்கி வெளியிட்டுவரும் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ்' வரிசையும் 'விக்டோரியா' வரிசையும் இந்த விதியை மேலும் நுணுக்கமாக்கின. 2022-இல் வெளிவந்த 'விக்டோரியா 3' ஆட்டத்தில், நிலவுடைமையாளர், வணிகர், தொழிலாளர், சமய குருமார் முதலிய நலக்குழுக்களின் ஆதரவைத் திரட்டாமல் எந்தச் சட்டத்தையும் எளிதில் நிறைவேற்ற முடியாது. எதிர்க்கும் குழு வலுவானதாக இருந்தால் உள்நாட்டுப் போரே மூளக்கூடும்.

இந்த ஆட்டங்களை ஆடுபவர்கள் தமக்குள் நிகழ்த்தும் உரையாடலில் போர் பெறும் இடத்துக்குக் குறையாத இடத்தை ஆட்சிக் கொள்கை பெறுகிறது. வாக்குரிமையை முதலில் விரிவாக்குவதா, நிலவரியை முதலில் திருத்துவதா. முடியாட்சியைக் கைவிட்டால் வரும் குழப்பத்தைக் கருவூலம் தாங்குமா. கப்பம் கட்டும் சிற்றரசு ஒன்று எந்த அளவுக்கு அடங்கி நடந்தால் தன்னாட்சி பெறலாம் என்பன அவர்கள் நாள்தோறும் எழுப்பும் கேள்விகள். அவர்களது கலைச்சொற்களுள் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கவை. 'லெஜிடிமசி' என்பது ஆள்பவருக்கு ஆளும் உரிமை உண்டென்று குடிகள் ஏற்கும் அளவு; 'லிபர்ட்டி டிசையர்' என்பது பேரரசுக்குக் கீழ்ப்பட்ட நாட்டின் விடுதலை வேட்கையை நூற்றுவீதத்தில் குறிக்கும் எண். 2018-இல் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' ஆட்டத்தின் ஆட்சிச் சீர்திருத்த முறை முழுவதும் திருத்தி அமைக்கப்பட்டபோது, அந்த விரிவாக்கம் இந்தியாவை மையமாகக் கொண்டு 'தர்மா' என்ற பெயரிலேயே வெளிவந்தது. மைசூர் அரசும் இவ்வாட்டங்களின் வரைபடத்தில் இடம்பெற்றிருக்கிறது.

ஆட்சி மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்ற கேள்விக்கு மைசூரின் வரலாறு தரும் விடை, ஆட்டப் பலகை தரும் விடையிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. ஆட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரே கொள்கையைப் பற்றிப் பேசுகிறார். மைசூரிலோ, ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவர்கள் கொள்கையைப் பற்றி விடாமல் பேசியதே அரசின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றியது. அந்தப் பேச்சின் பெரும்பகுதி 1831 முதல் ஆட்சித் தலைமையகமாக விளங்கிய பெங்களூரோடு பின்னிப் பிணைந்தது. 'விக்டோரியா 3' ஆட்டம் தனக்கு வரையறுத்துக்கொண்ட காலம் 1836 முதல் 1936 வரையிலான நூறு ஆண்டுகள். மைசூரின் ஆட்சி மாற்றங்களுள் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள்தான் நிகழ்ந்தன.

இவ்வரலாற்றின் தொடக்கம் 1799. அவ்வாண்டு மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் மாண்டபின், வென்றவர்கள் அவரது நிலப்பரப்பில் ஒரு பகுதியைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, எஞ்சியதை உடையார் வம்சத்துக்குத் திருப்பி அளித்தனர். அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு, கன்னட வழக்கில் மும்மடி கிருஷ்ணராஜருக்கு, அப்போது வயது ஐந்து. திப்புவின் தந்தை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் பணியாற்றிய பூர்ணையாவே திவானாக, அதாவது முதலமைச்சராக, 1811 வரை ஆட்சியை நடத்தினார். ஒரே மனிதர் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு ஆட்சிகளின் வரவுசெலவையும் கையாண்டது, அரசர் மாறினாலும் கணக்கு எழுதுபவர் மாறுவதில்லை என்பதற்குத் தக்க சான்று. 1799 ஜூலையில் கையெழுத்தான துணைப்படை உடன்படிக்கையின்படி மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன், அதாவது ஏறத்தாழ 24.5 லட்சம் ரூபாய், கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். அத்தொகைக்கு ஆபத்து நேரும் என்று தோன்றினால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம். உடன்படிக்கையின் 4-ஆம், 5-ஆம் பிரிவுகளில் அடங்கியிருந்த இந்த உரிமை, பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் வித்தாயிற்று.

அரசர் வயது வந்து தாமே ஆளத் தொடங்கிய பின், குறித்த தொகையை வசூலித்துத் தருவதாக அமில்தார்கள், அதாவது தாலுகா அதிகாரிகள், ஒப்பந்தம் செய்துகொள்ளும் வசூல் முறை பரவியது. வசூலில் மிஞ்சுவது அதிகாரிக்கும் துண்டு விழுவது குடியானவனுக்கும் என்றானபோது குடிகள் பொறுமை இழந்தனர். 1830-31-இல் 'நகர்' என்னும் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் 1831 அக்டோபரில் ஆட்சியைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். பட்டம், அரண்மனை, உதவித்தொகை ஆகியவை அரசருக்கு விடப்பட்டன; ஆளும் உரிமை ஆணையருக்குச் சென்றது. அடுத்து நடந்த விசாரணையில் முறைகேடுகள் மிகைப்படுத்தப்பட்டிருந்தது தெரியவந்ததும், நாட்டின் ஒரு பகுதியையாவது அரசரிடம் திருப்பித் தரலாம் என்று பெண்டிங்கே கருதினார். லண்டனிலிருந்த கம்பெனியின் இயக்குநர்கள் அதற்கு இணங்கவில்லை. எடுப்பதற்கு ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. திருப்பி வாங்குவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஆட்சியை இழந்த அந்த அரசர், எஞ்சிய முப்பத்தேழு ஆண்டுகளில் இந்திய ஆட்டக் கலை வரலாற்றின் பெருந்தொகுப்பாளர்களுள் ஒருவரானார். அவரது ஆதரவில் தொகுக்கப்பட்ட 'ஸ்ரீதத்வநிதி' ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்ட ஓவியக் களஞ்சியம். அதன் இறுதிப் பகுதியான 'கௌதுக நிதி' முழுவதும் ஆட்டங்களுக்கே உரியது. கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டாட்டத்தில் அவர் வகுத்த புதிய கட்டுகள் பதினெட்டு இனங்கள் வரையும் 360 சீட்டுகள் வரையும் விரிந்தன. சதுரங்கத்தில், குதிரைக் காய் பலகையின் எல்லாக் கட்டங்களையும் ஒரே ஒரு முறை மட்டுமே மிதித்துச் செல்லும் 'குதிரைச் சுற்று' என்னும் புதிரை அவர் ஆழமாக ஆராய்ந்தார். வழக்கமான எட்டுக்கு எட்டு பலகையைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பலகைக்கும், காயின் நகர்வைக் குறிக்கும் எண்கள் நேராகவும் குறுக்காகவும் ஒரே கூட்டுத்தொகை தரும்படி அவர் வகுத்த சுற்றுகள் கணிதவியலாரின் கவனத்தை ஈர்த்தவை. 1861-இல் மைசூரில் கட்டப்பட்ட ஜகன்மோகன அரண்மனையின் சுவரிலும் ஆட்டப் பலகைகள் தீட்டப்பட்டுள்ளன.

இதைத் தோற்ற அரசனின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. 1856-இல் கம்பெனி அயோத்தியை இணைத்துக்கொண்டதை, ஆட்டத்தில் மூழ்கிய பிரபுக்களின் வீழ்ச்சியாகச் சொல்லும் கதை மரபு வட இந்தியாவில் உண்டு. மும்மடி கிருஷ்ணராஜர் பலகையில் நகர்த்திய அதே ஆண்டுகளில் தாளிலும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கவர்னர் ஜெனரலுக்கும் அவர் விண்ணப்பம் அனுப்பினார். 1857 கலகத்தின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றதை நினைவூட்டினார். ஆண் வாரிசு இல்லாத அரசுகளைக் கம்பெனி விழுங்கிய காலத்தைக் கடந்துவந்து, 1865-இல் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். அதே ஆண்டு ஈவான்ஸ் பெல் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 'தி மைசூர் ரிவர்ஷன்' என்ற நூலை லண்டனில் வெளியிட்டு அரசரின் வழக்கை ஆங்கில வாசகர் முன் வைத்தார். 1867 ஏப்ரலில், தத்துரிமை ஏற்கப்படும் என்றும் பிள்ளை வயது வந்தபின் நாடு அவரிடம் ஒப்படைக்கப்படும் என்றும் இந்தியா மந்திரி முடிவு செய்தார். அரசர் 1868 மார்ச் 27-ஆம் நாள் மறைந்தார். தாம் வென்ற ஆட்டத்தின் முடிவை அவர் காணவில்லை. பெருவியூக ஆட்டங்களின் விடுதலை வேட்கை எண், படைபலத்தையும் பகையையும் கூட்டிப் பார்த்துக் கணக்கிடப்படுவது. மைசூரை மீட்டதோ பொறுமை, சட்ட வாதம், தவறாமல் கட்டிய கப்பம் ஆகிய மூன்றுமே.

இதற்கிடையில் பெங்களூர் ஓர் ஆட்சி நகரமாக வளர்ந்திருந்தது. 1831-இல் ஆணையரின் தலைமையகம் மைசூரிலிருந்து இங்கே மாற்றப்பட்டு, கோட்டைக்குள் இருந்த திப்புவின் அரண்மனையில் அலுவலகங்கள் இயங்கின. 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்த மார்க் கப்பன், நாட்டை நான்கு கோட்டங்களாகப் பகுத்து, ஆங்கிலேயக் கண்காணிப்பாளரை மேலே வைத்து, கீழே அமில்தார், ஷேக்தார் என்ற பழைய பதவிகளை அப்படியே விட்டுவைத்தார். கன்னடமும் மராத்தியும் அலுவலக மொழிகளாக நீடித்தன. நூற்றுக்கணக்கான சில்லறை வரிகள் நீக்கப்பட்டன. அவருக்குப் பின் வந்த பௌரிங் மூன்று கோட்டங்களும் எட்டு மாவட்டங்களும் கொண்ட துறைவாரி ஆட்சியை நிறுவினார். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டு எனப்படும் படைமுகாம் வரை ரயில் வந்தது. கப்பனின் ஆட்சி ஆளைச் சார்ந்தது, பௌரிங்கின் ஆட்சி விதியைச் சார்ந்தது. ஆட்டக்காரர்கள் 'சென்ட்ரலைசேஷன்' என்று ஒரே சொல்லில் அழைக்கும் மையப்படுத்தல், இங்கே ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டது.

அந்த மாற்றத்தின் கண்கூடான வடிவம் அட்டார கச்சேரி. பதினெட்டு அலுவலகங்கள் ஒரே கூரையின் கீழ் வந்ததால் இப்பெயர் பெற்ற இச்செந்நிறக் கட்டடம், ரிச்சர்ட் சாங்கியின் வடிவமைப்பில் 1864-இல் தொடங்கி 1868-இல் முடிந்தது. கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். பின்னாளில் ராவ் பகதூர் பட்டம் பெற்றவரும், தண்டுப் பகுதி ஏழைப் பிள்ளைகளுக்காக 1873-இல் பள்ளி தொடங்கியவரும் அதே மனிதர்தான். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் அக்கட்டடத்தின் தூண் வரிசையில் நடப்பவர், ஒரு தமிழ் ஒப்பந்தக்காரர் எழுப்பிய அரசைத்தான் பார்க்கிறார்.

ஒப்படைப்புக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த வேளையில் 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. 1871 கணக்கெடுப்பில் 50,55,412 ஆக இருந்த மைசூரின் மக்கள்தொகை 1881-இல் 41,86,188 ஆகக் குறைந்திருந்தது. பத்தாண்டில் பிறந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவு இன்னும் கொடியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர் என்பதே பரவலான கணிப்பு. பஞ்ச நிவாரணம் நாட்டின் மீது 80 லட்சம் ரூபாய் கடனை ஏற்றிவைத்தது. இந்த நிலையில்தான், 1881 மார்ச் 25-ஆம் நாள் சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைப்புப் பத்திரம் கப்பத்தை 35 லட்சமாக உயர்த்தியது. படைக்கும் கோட்டைக்கும் எல்லை வகுத்தது. தனி நாணயத்தைத் தடுத்தது. கவர்னர் ஜெனரலின் இசைவின்றி ஆட்சி அமைப்பில் முக்கிய மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதிவைத்தது. ஆணையர் விட்டுச்சென்ற அரசை அப்படியே நடத்தும் உரிமை அரசருக்குத் திரும்பியது. அதை மாற்றும் உரிமை கல்கத்தாவில் தங்கிவிட்டது.

இவ்வளவு இறுக்கத்துக்குள், ஒப்படைப்புக்குப் பின் முதல் திவானாகப் பொறுப்பேற்றவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான சி. ரங்காசார்லு. அவர் 1868 முதல் மைசூர்ப் பணியில் இருந்தவர். 1874-இல் 'தி பிரிட்டிஷ் அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் மைசூர்' என்ற சிறு நூலை லண்டனில் வெளியிட்டு, ஆணையர் ஆட்சியின் செலவையும், உயர் பதவிகளில் ஆங்கிலேயர் பெருகியதையும் கண்டித்தவர். அதிகாரம் கைக்கு வருமுன்பே கொள்கையை எழுத்தில் வாதிட்ட அவர், வந்தபின் முதலில் செய்தது மற்றவர்களுக்கும் வாதிடும் இடம் அளித்ததுதான். 1881 ஆகஸ்ட் 25-ஆம் நாள் வெளியான ஆணையின் மூலம் மைசூர் பிரதிநிதி சபை உருவாயிற்று. ஆட்சி அமைப்பை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையின் மை காயும் முன்பே, எந்தச் சட்ட அதிகாரமும் இல்லாத, ஆகவே எந்த நிபந்தனையையும் மீறாத ஒரு சபையை அவர் நிறுவினார். இந்திய அரசியலமைப்பு வரலாற்றின் மிகக் கூர்மையான செயல்களுள் இதுவும் ஒன்று. அதற்கு உரிய மதிப்பு இன்றுவரை கிட்டவில்லை.

சபையின் முதல் கூட்டம் 1881 அக்டோபர் 7-ஆம் நாள், தசராவை ஒட்டி மைசூரில் நடந்தது. அழைக்கப்பட்டவர்கள் 144 பேர். தாலுகாவுக்கு ஓரிரு குடியானவர்களும் மாவட்டத்துக்குச் சில வணிகர்களும் என்பது ஏற்பாடு. பேரரசின் வேறெந்தச் சுதேச சமஸ்தானத்திலும் அதுவரை இத்தகைய கூட்டம் கூடியதில்லை. திவான் எழுந்து நாட்டின் வரவு, செலவு, கடன், நடக்கும் பணிகள், இனி வரும் பணிகள் ஆகியவற்றை விளக்கிப் படித்தார். கோட்டையிலும் கச்சேரியிலும் கட்டுகளாகக் கிடந்த கணக்கு, அதைக் கட்டிய குடியானவன் முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கப்பட்டது அன்றுதான். அதன்பின் உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளைத் தெரிவித்தனர். ஏரி உடைப்பு, காட்டுச் சட்டத்தால் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வந்த தடை, நிலவரித் தீர்வை, சாலை, பள்ளி என்ற ஊர்ப்புறச் செய்திகளே அவற்றுள் மிகுதி. உறுப்பினருக்கு வாக்கெடுப்பு இல்லை, வரவுசெலவை மறுக்கும் உரிமை இல்லை. கேட்கும் உரிமை மட்டும் இருந்தது. கேட்டதற்குத் திவான் எல்லோர் முன்னும் விடை சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால் அது வெறும் சடங்கு என்று அன்றைய ஆங்கில அலுவலர் சிலர் கருதியது தவறு. ரங்காசார்லு 1883 ஜனவரியில் இறந்தார். அடுத்து வந்த கே. சேஷாத்ரி ஐயர் பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்து, உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் அனுப்பும் முறையை 1891-இல் ஏற்படுத்தினார். வாக்குரிமை நிலவரி கட்டுவோரிடமும் படித்தோரிடமும் அடங்கியிருந்தது. பெண் மகவின் மணம் குறித்த கேள்வி இச்சபையிலும் விவாதிக்கப்பட்டு, எட்டு வயதுக்கு உட்பட்ட சிறுமிக்கு மணம் முடிப்பதையும், ஐம்பது வயதைக் கடந்தவர் பதினான்குக்கு உட்பட்ட சிறுமியை மணப்பதையும் தடை செய்யும் சட்டம் 1894-இல் வந்தது. இன்றைய கண்ணுக்கு அந்த எட்டு வயது வரம்பு நெஞ்சைச் சுடும். ஆனால் வீட்டுக்குள்ளும் சாத்திரத்துக்குள்ளும் பூட்டிவைக்கப்பட்டிருந்த ஒன்று, ஏரியையும் சாலையையும் போல அரசிடம் கேள்வி கேட்கக்கூடிய செய்தியாயிற்று என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. ஆட்டத்தில் இது ஒரு சட்டத்தை நீக்கி மற்றொன்றை இடும் நகர்வு. மைசூரில் இது, எதைப் பற்றிப் பேசலாம் என்பதன் எல்லையே நகர்ந்த நிகழ்வு.

இவ்வளவையும் பெங்களூரின் ஒரு பாதி தொலைவிலிருந்துதான் பார்த்தது. 1809-இல் நிறுவப்பட்ட தண்டுப் பகுதி, அதாவது படைமுகாமும் அதைச் சூழ்ந்த குடியிருப்பும், 1881 ஒப்படைப்பின்போது மைசூரிடம் திரும்பவில்லை. 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேய ரெசிடென்டின், அதாவது பேரரசின் அரசியல் பிரதிநிதியின், ஆட்சியில் நீடித்தது. படைக்கு உணவும் துணியும் உழைப்பும் தர வந்த தமிழர்கள் அல்சூரிலும் பின்னாளில் சிவாஜி நகர் எனப் பெயர் பெற்ற பிளாக்பள்ளியிலும் பெருமளவில் குடியேறியிருந்தனர். 1862 முதலே பழைய நகரமான பேட்டைக்கு ஒரு நகராட்சியும் தண்டுக்கு ஒரு நகராட்சியும் இயங்கின. இதனால் ஒரே நகரத்தில் இரண்டு அரசுகள் நிலவின. பேட்டையில் கடை வைத்திருந்த கன்னட வணிகர் திவானிடம் கேள்வி கேட்கும் சபைக்கு ஆள் அனுப்பலாம். கப்பன் பூங்காவைத் தாண்டி வாழ்ந்த அல்சூர்த் தமிழர் அந்தச் சபையின் எல்லைக்கு வெளியே இருந்தார். தமிழ் திவான் ஒருவர் நிறுவிய சபையில், தமிழர் மிகுந்து வாழ்ந்த பகுதிக்கு இடமில்லாமல் போனது பெங்களூர்த் தமிழரின் அரசியல் வரலாற்றில் ஒரு முதன்மையான உண்மை. வரைபடத்தில் ஒரு மாகாணத்துக்கு ஒரே நிறம் தீட்டும் ஆட்டங்கள் இத்தகைய நகரத்தைக் காட்ட இயலாதவை.

திவான்களின் பிறப்பிடமே ஒரு கொள்கைக் கேள்வியாக எழுந்தது இதன் மறுபக்கம். ரங்காசார்லு செங்கல்பட்டிலிருந்தும், சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுப் பகுதியிலிருந்தும், 1907-இல் சட்ட மன்றம் அமைந்தபோது திவானாக இருந்த வி. பி. மாதவராவ் கும்பகோணத்திலிருந்தும் வந்தவர்கள். சென்னை மாகாணத்துப் பட்டதாரிகள் உயர் பதவிகளை நிறைப்பதாக எழுந்த மனக்குறை 'மைசூர் மைசூரியருக்கே' என்ற முழக்கமாயிற்று. அடுத்த கட்டத்தில் கேள்வி மேலும் ஆழமானது. மைசூரியருக்குள்ளேயே பிராமணர் அல்லாதவர்களின் பங்கு என்ன என்று 1917-இல் தோன்றிய பிரஜாமித்ர மண்டலி கேட்டது. மறு ஆண்டு அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லரின் தலைமையில் குழு ஒன்றை அமைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணர் அல்லாத சமூகங்களுக்குச் சேர வேண்டும் என்று அக்குழு 1919-இல் பரிந்துரைத்தது. திவான் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா இக்கொள்கையோடு உடன்பட இயலாமல் 1918-இலேயே பதவி விலகியிருந்தார். அணையும் ஆலையும் வங்கியும் பல்கலைக்கழகமும் கண்ட ஒரு பெரும் நிர்வாகி, தகுதியா பங்கா என்ற கேள்வியில் அரசருக்கு எதிர்ப்புறம் நின்றார். இரு தரப்பும் மனச்சாட்சியோடு நின்ற வழக்கு அது. ஆயினும் நூற்றாண்டு கடந்து பார்க்கையில், அரசு அலுவலகத்தின் வாயில் எல்லாக் குடிகளுக்கும் திறக்கப்பட வேண்டும் என்ற தரப்பே சரியானது என்பதில் ஐயமில்லை.

1923 சீர்திருத்தம் பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளின் வழி வந்தது. 42 ஆண்டுகள் ஆணையின் பலத்தில் மட்டுமே கூடிவந்த பிரதிநிதி சபை அப்போதுதான் சட்டத்தின் அடித்தளம் பெற்றது; புதிய வரி விதிக்குமுன்னும், சட்ட மன்றத்தில் மசோதா வருமுன்னும் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்றாயிற்று; வாக்குரிமையில் பெண்களுக்கு இருந்த தடை விலக்கப்பட்டது. திவான் அப்போதும் சபைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பேசும் உரிமைக்கும் முடிவெடுக்கும் உரிமைக்கும் இடையிலான இடைவெளி, திவான் மிர்ஸா இஸ்மாயிலின் புகழ்பெற்ற பதினைந்து ஆண்டு நிர்வாகத்திலும் மூடப்படவில்லை. நல்ல சாலையும் மின்விளக்கும் பூங்காவும் அந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்று அரண்மனை நம்பியது. 1938 ஏப்ரலில் விதுராஸ்வத்தாவில் கொடியேற்றக் கூடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது.

1947 ஆகஸ்டுக்குப் பின்னும் மைசூரில் பொறுப்பாட்சி வரவில்லை. செப்டம்பரில் 'மைசூர் சலோ' என்ற கிளர்ச்சி தொடங்கி, பெங்களூர், மைசூர் வீதிகளில் மாணவர்களும் தொழிலாளர்களும் திரண்டனர். அப்போதைய திவான் ஆற்காடு ராமசாமி முதலியார். ரங்காசார்லுவில் தொடங்கிய வரிசையின் கடைசி ஆள் அவரே. அக்டோபர் இறுதியில் கே. சி. ரெட்டி முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது, பிரதிநிதி சபையின் முதல் கூட்டம் நடந்து 66 ஆண்டுகள் நிறைந்திருந்தன. தண்டுப் பகுதி அவ்வாண்டே மைசூருடன் இணைந்தது. 1949-இல் இரண்டு நகராட்சிகளும் ஒன்றாகிப் பெங்களூர் மாநகராட்சி பிறந்தபின், அல்சூரின் வாக்கும் பேட்டையின் வாக்கும் முதன்முறையாக ஒரே மன்றத்துக்குச் சென்றன. பிரதிநிதி சபை அதே 1949-இல் கலைக்கப்பட்டது. 1907-இல் தோன்றிய சட்ட மன்றத்தின் வழியில் வந்ததே இன்றைய கர்நாடக மேலவை. 1956 முதல் அது கூடும் விதான சௌதா, நாராயணசாமி முதலியார் கட்டிய அட்டார கச்சேரிக்கு நேர் எதிரே, சாலையின் மறுபுறம் நிற்கிறது.